கோஆக்ஸைக் கழற்றினால் போதுமா? ஆன்டெனாவுக்கான மின்னல் காப்பு வழிகள், ஒரு ஒப்பீடு

அன்று இரவு ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி மேசைக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போனேன். நள்ளிரவில் பக்கத்து மரத்தில் இடி விழுந்தது. காலையில் ரேடியோவை ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது, இரைச்சலும் கேட்டது. கம்ப்யூட்டரோடு பேசும் யுஎஸ்பி மட்டும் செத்துப்போயிருந்தது. ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் பெட்டியைத் திறந்தால், ஒரு டையோடு இருந்த இடத்தில் கரிதான் மிச்சம். அதை ஒட்டிய செம்புத் தடம் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஆவியாகி, பச்சை போர்டின் மேல் பழுப்பு நிறக் கறையாகப் படிந்திருந்தது.

அந்தக் கறை போன திசையைப் பிடித்துக்கொண்டு போனபோது முழுக் கதையும் தெரிந்தது. ஆன்டெனா கேபிளைக் கழற்றியவன் ரோட்டேட்டர் கேபிளை மறந்துவிட்டேன். மின்னல் தூண்டிய மின்சாரம் அந்த வயரில் ஏறிப் பெட்டிக்குள் வந்து, சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, யுஎஸ்பி வழியாக ரேடியோவைத் தொட்டு, பவர் சப்ளை வழியாக வீட்டு எர்த்தில் இறங்கியிருக்கிறது. ரேடியோ இருந்தது பாதையின் நடுவில். ஆன்டெனா கேபிள் மாட்டியிருந்ததா இல்லையா என்பதே அங்கே கேள்வி இல்லை.

புதிதாக ஹாம் வானொலிக்கு (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: மழை வரும்போது கேபிளைக் கழற்றினால் போதுமா, மிகை வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பும் அரெஸ்டர் வாங்கிப் போட வேண்டுமா, இல்லை டவர் வைத்திருப்பவர்கள் செய்வதுபோல எல்லா எர்த்தையும் பிணைத்து முழு ஏற்பாடாகச் செய்ய வேண்டுமா? மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் முதலில் பிணைப்பில் போடுங்கள். அரெஸ்டர் அதற்கு அடுத்து. கழற்றி வைப்பது இரண்டுக்கும் மேல் ஒரு பழக்கமாக இருக்கட்டும். ஏன் இந்த வரிசை என்பதற்கு மின்னல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எதிரி வோல்ட்டேஜ் வித்தியாசம்

மின்னலின் முதல் வீச்சில் பாயும் உச்ச மின்னோட்டம், நடுத்தரமாகப் பார்த்தால், 30,000 ஆம்பியர். நூற்றில் ஒன்று 2,00,000 ஆம்பியரையும் தாண்டும். இந்த அளவைவிட நம்மைக் கொல்வது அதன் வேகம். சில மைக்ரோ விநாடிகளுக்குள் அது சுழியிலிருந்து உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. அந்த வேகத்தில் எர்த் வயரின் ஓம் கணக்கு கிட்டத்தட்ட அர்த்தமிழந்துவிடும், பேசுவது இண்டக்டன்ஸ்தான், அதாவது மின்னோட்டம் சட்டென மாறுவதை வயர் எதிர்க்கும் குணம். நேராக ஓடும் ஒரு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 30,000 ஆம்பியர் 5 மைக்ரோ விநாடியில் ஏறினால், அந்த வயரின் ஒவ்வொரு மீட்டரிலும் 6,000 வோல்ட் நிற்கும். மல்டிமீட்டரில் வைத்தால் 0 ஓம் காட்டும் அதே வயர்தான் இது.

அப்படியானால் 10 மீட்டர் எர்த் வயரின் மேல்முனை, கீழ்முனையைவிட 60,000 வோல்ட் உயரத்தில் இருக்கிறது. ரேடியோ மேல்முனையில் தொங்கி, பவர் சப்ளையின் எர்த் கீழ்முனைக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தால், அந்த 60,000 வோல்ட்டும் ரேடியோவின் மேல் விழும். ஆனால் ரேடியோ, பவர் சப்ளை, கம்ப்யூட்டர், ரோட்டேட்டர் பெட்டி எல்லாமே ஒரே புள்ளியில் கட்டப்பட்டிருந்தால், அவை எல்லாம் சேர்ந்து 60,000 வோல்ட்டுக்கு ஏறிச் சேர்ந்து இறங்கும். அவற்றுக்குள் வித்தியாசம் இல்லாததால் பாய ஒன்றும் இருக்காது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான்.

இடிதாங்கி என்ற நம் சொல் இந்த இடத்தில் கொஞ்சம் வழிதவற வைக்கிறது. எந்தக் கம்பியும் இடியைத் தாங்குவதில்லை. அது போக வழி விடுகிறது. நம் வேலை அந்த வழி நம் மேசை வழியாகப் போகாதபடி பார்த்துக்கொள்வது. இனி எந்த ஏற்பாட்டை எடுத்தாலும் ஒரே கேள்வியை வைத்து அளந்தால் போதும்: இது வித்தியாசத்தைக் குறைக்கிறதா?

வழி ஒன்று: கழற்றி வைப்பது

செலவில்லாதது, முழுமையாகச் செய்தால் மிக நல்லது. சிக்கல் 'முழுமையாக' என்ற சொல்லில் இருக்கிறது. கோஆக்ஸ், ரோட்டேட்டர் கேபிள், பவர் பிளக், நெட்வொர்க் கேபிள், கம்ப்யூட்டரோடு இணைத்த யுஎஸ்பி: இதில் ஒன்று மாட்டியிருந்தாலும் என் கதைதான். அதோடு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும், மேகம் கறுப்பதைக் கவனித்திருக்க வேண்டும். இடி தலைமேல் வந்த பிறகு எழுந்து போய்க் கனெக்டரைக் கையில் பிடித்துத் திருகுவது எல்லாவற்றையும்விட மோசம். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 விநாடி என்றால் அது சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. அப்போதே அது உங்களைத் தொடும் தூரம்தான். அதற்குப் பிறகு கேபிளைத் தொடாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் பொறுங்கள்.

கழற்றிய கேபிளின் நுனியைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டு வைக்கும் பழைய பழக்கம் ஒன்று ஹாம்களிடையே இன்னும் உண்டு. பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்குச் சில மில்லிமீட்டர் கண்ணாடி எந்தத் தடையும் இல்லை. நுனி அறைக்குள் எங்கே கிடந்தாலும் அங்கிருந்து பக்கத்தில் உள்ள உலோகத்துக்குப் பொறி தாவும், தரைக்குப் போக வேறு பாதை அதற்கு இல்லையென்றால்.

1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் வில்ஹெல்ம் ரிக்மான் என்ற இயற்பியலாளர் கூரையில் நிறுத்திய இரும்புக் கம்பியிலிருந்து ஒரு கடத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்து, மேகத்தின் மின்சாரத்தை அளக்க முயன்றார். அந்தக் கம்பி எர்த் செய்யப்படவில்லை. புயல் வந்தபோது அவர் கருவியின் பக்கத்தில் நின்றிருந்தார். கம்பியிலிருந்து பாய்ந்த மின்னல் அவரைக் கொன்றது. வெளியே உயரமான உலோகம், உள்ளே வரும் கடத்தி, நடுவில் எர்த் இல்லை. கழற்றி அறைக்குள் போட்ட நம் கோஆக்ஸின் வரைபடமும் அதுவேதான். ஆகவே கழற்றுவதாக இருந்தால் சுவருக்கு வெளியே கழற்றுங்கள். வெளிப்பக்கம் நிற்கும் நுனியை எர்த் செய்யப்பட்ட ஒரு சாக்கெட்டில் மாட்டுங்கள்.

வழி இரண்டு: அரெஸ்டரும் ஜன்னலோரம் ஒரு ராடும்

பலரும் செய்வது இது. நான் மிகவும் அஞ்சுவதும் இதுதான். ஜன்னலுக்குக் கீழே மண்ணில் ஒரு எர்த் ராடு (உலோகக் கம்பி) அடித்து, அரெஸ்டரை அதில் கட்டி, 'ரேடியோவுக்குத் தனி எர்த்' என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்தத் தனி எர்த்துதான் கண்ணி.

கணக்கைப் பாருங்கள். 100 ஓம்-மீட்டர் தடைத்திறன் உள்ள சாதாரண மண்ணில் 16 மி.மீ. தடிமனும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு ராடு சுமார் 40 ஓம் தரும். மின்னலில் பத்தில் ஒரு பங்கு, 3,000 ஆம்பியர் மட்டும், அதன் வழியாக மண்ணுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ராடின் தலை 1,20,000 வோல்ட்டுக்கு ஏறும். வீட்டின் மின் எர்த் வேறு மூலையில் வேறு ராடில் இருக்கிறது. அது அவ்வளவு ஏறாது. இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் ஒரே உலோகப் பாலம் எது? கோஆக்ஸின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிப்பின்னல், ரேடியோவின் பெட்டி, பவர் பிளக்கின் எர்த் பின். அரெஸ்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். அப்படியும் ரேடியோ எரியும்.

ராடையே தொடாதே என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாக விடாமல், வீட்டின் பிரதான மின் எர்த்தோடு தடித்த செம்பால் இணையுங்கள். பல நாடுகளின் மின்விதிகள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன. 16 சதுர மி.மீ. செம்பு என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் குறைந்தபட்ச அளவு. மெயின் போர்டைத் தொடும் இந்த ஒரு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இனி அரெஸ்டர்களுக்குள் எதைத் தேர்வது? பரவலாகக் கிடைப்பது கேஸ் டியூப். ஒரு சின்ன பீங்கான் குழாய், உள்ளே வாயு. வோல்ட்டேஜ் ஏறினால் வாயு கடத்தியாகி நடுக்கம்பியை வெளிப்பின்னலோடு சேர்த்துவிடும். தேர்வில் ஏற்படும் தவறு எப்போதும் வோல்ட்டேஜ் அளவில்தான். 50 ஓம் கேபிளில் 100 வாட் போனால் உச்ச வோல்ட்டேஜ் 100. 90 வோல்ட் டியூப் போட்டால் நீங்கள் பேசும்போதே அது சுடும், அதாவது வாயு கடத்தத் தொடங்கிவிடும். ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு) 3 என்றால் கேபிளின் சில இடங்களில் அது 173 வோல்ட்டாகும். ஆகவே 100 வாட்டுக்கு 230 வோல்ட் டியூப் பொருந்தும். 1,000 வாட் லீனியர் (திறன் பெருக்கி) வைத்திருப்பவருக்கு உச்சமே 316 வோல்ட், எஸ்டபிள்யூஆர் 3இல் 547 வரை போகும்; அவருக்கு 600 வோல்ட் தேவை. இதற்குள் ஒரு விலை இருக்கிறது: டியூபின் எண் ஏற ஏற, சுடுவதற்கு முன் ரேடியோவுக்குள் நுழையும் வோல்ட்டேஜும் ஏறும். குறைந்த வாட்டில் பேசுபவர் உயர்ந்த எண் டியூபை வாங்கி வைப்பது காப்பைத் தானே குறைத்துக்கொள்வது.

இன்னொரு வகையில் நடுக்கம்பியின் பாதையிலேயே ஒரு கெபாசிட்டர் தொடராக இருக்கும். மின்னலின் மெதுவான, கனமான பகுதி அதில் தடைபடும். டியூபும் முன்னதாகச் சுட வேண்டிய நிலை வரும். ரிசீவருக்கு உண்மையான ஆறுதல் இந்த வகையே என்பது என் கருத்து. ஒரே நிபந்தனை: டவர் மேலே இருக்கும் முன்பெருக்கிக்குக் கோஆக்ஸ் வழியாகவே கரன்ட் அனுப்புகிறீர்கள் என்றால் இது ஆகாது, டிசி போகாது.

விஎச்எஃப்பில் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் வேலை செய்பவருக்கு நான் முதலில் சொல்வது கால் அலை ஸ்டப். ஒரு டீ கனெக்டர், அதில் தொங்கும் ஒரு கோஆக்ஸ் துண்டு, நுனியில் நடுக்கம்பியும் பின்னலும் ஷார்ட். 145 மெகாஹெர்ட்ஸில், 0.66 வேகக் காரணி உள்ள (ஒளிவேகத்தில் 0.66 பங்கு வேகத்தில் சிக்னல் போகும்) கேபிளில், அதன் நீளம் சுமார் 34 செ.மீ. அந்த அலைவரிசைக்கு அது இல்லாததுபோலவே இருக்கும். மின்னலின் ஆற்றலில் பெரும்பகுதி இருக்கும் தாழ்ந்த அலைவரிசைகளுக்கு அது நேரடி ஷார்ட். 435 மெகாஹெர்ட்ஸில் அதே துண்டு முக்கால் அலை ஆவதால் அங்கும் இயங்கும். உள்ளே தேய்ந்துபோக ஒன்றுமில்லை, சுட்டுத் தீரவும் ஒன்றுமில்லை. ஆனால் எச்எஃப்பில் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பல பேண்டுகளில் தாவுகிறவருக்கு இது பயன்படாது.

வேரிஸ்டரை (வோல்ட்டேஜ் ஏறினால் தடை குறையும் உறுப்பு) கோஆக்ஸில் போட வேண்டாம்; அதன் கெபாசிட்டன்ஸ் சிக்னலைத் தின்றுவிடும். மெயின்ஸுக்கும் ரோட்டேட்டர் வயர்களுக்கும் அது சரியான பொருள்.

டவர் உச்சியில் வைக்கும் துடைப்பம் போன்ற 'மின்னல் விலக்கி'கள் பற்றியும் கேட்பார்கள். மேகத்தின் மின்னூட்டத்தைக் கசியவிட்டு மின்னலே விழாமல் தடுக்கும் என்ற உரிமைகோரல் நிரூபணமாகவில்லை. அந்தப் பணத்துக்குச் செம்புப் பட்டை வாங்குங்கள்.

வழி மூன்று: ஒரே நுழைவு, ஒரே பிணைப்பு

வீட்டின் சுவரில், தரைக்கு அருகில், ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகடு. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும், கோஆக்ஸ், ரோட்டேட்டர், வெளியே போகும் நெட்வொர்க் கேபிள், ரேடியோ மேசைக்கான மின்சாரம் உட்பட, அந்தத் தகட்டைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். ஒவ்வொன்றின் அரெஸ்டரும் அதே தகட்டில் திருகப்பட்டிருக்கும். தகட்டிலிருந்து மிகக் குட்டையாக ஒரு பட்டை வெளி ராடுக்கு. அந்த ராடு டவரின் எர்த்தோடும், வீட்டின் மின் எர்த்தோடும் பிணைந்திருக்கும். அவ்வளவுதான் இதன் உடல். அரெஸ்டர் என்பது இதன் ஒரு உறுப்பு; அதனால்தான் பிணைப்புக்கு முன்னால் அரெஸ்டர் வாங்குவதை நான் தலைகீழ் வேலை என்கிறேன்.

அகலமான செம்புப் பட்டையா, உருண்டை வயரா என்று நீண்ட விவாதம் நடக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 சதுர மி.மீ. வயரின் இண்டக்டன்ஸ் சுமார் 1.2 மைக்ரோ ஹென்றி, 50 மி.மீ. அகலப் பட்டையின் இண்டக்டன்ஸ் சுமார் 0.85. நல்ல லாபம்தான். ஆனால் அதே வயரை அரை மீட்டராகக் குறைத்தால் அது 0.5க்கு வந்துவிடுகிறது. ஆகவே பட்டை கிடைக்கவில்லை என்று வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தகட்டை ராடுக்கு நெருக்கமாக நகர்த்துங்கள். முதல் மாடி ஜன்னலில் தகடு வைத்து 4 மீட்டர் பட்டையைத் தொங்கவிடுவதைவிட, கோஆக்ஸைத் தரைவரை இறக்கி அங்கே தகடு வைத்துவிட்டு மறுபடி உள்ளே ஏற்றுவது மேல்.

டவரிலும் இதே கணக்குதான். பத்து மீட்டர் உயரத்தில் கோஆக்ஸ் டவரை விட்டுப் பிரிந்து நேராக ஜன்னலுக்கு வந்தால், அது பத்து மீட்டர் உயரத்தின் வோல்ட்டேஜைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறது. அடிவரை இறக்கி, அங்கே வெளிப்பின்னலை டவரோடு கட்டி, பிறகு மண்ணை ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் சுமையில் பெரும்பகுதி டவர் அடியிலேயே இறங்கிவிடும். நான் பார்த்த ஏற்பாடுகளில் செலவே இல்லாமல் அதிகப் பலன் கொடுத்த மாற்றம் இது ஒன்றுதான்.

எர்த் வயரைத் திருப்பும்போது முழங்கைபோல மடிக்காமல், 20 செ.மீ. ஆரத்துக்குக் குறையாத வளைவாகத் திருப்புங்கள். ஈயப் பற்றவைப்பை நம்ப வேண்டாம், அந்தச் சூட்டில் உருகிவிடும். கிளாம்ப் அல்லது வெப்ப வெல்டிங். பின்னல் வயரை வெளியில் போடாதீர்கள். ஒருமுறை என்னுடைய பழைய பின்னலைக் கையில் எடுத்து மடித்தேன். மேலே பச்சைப் பாசி பிடித்ததுபோல இருந்தது, உள்ளே இழைகள் பொடியாக உதிர்ந்தன. துத்தநாகம் பூசிய டவர் காலில் செம்பை நேராகக் கட்டினாலும் இதே கதி, அங்கே அரிக்கப்படுவது டவரின் பூச்சு. நடுவில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்தால் போதும்.

மண்ணுக்குள் என்ன புதைப்பது

இரண்டு ராடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் தடை பாதியாகாது. இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோடும். ஒரு ராடின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். பாறை மண்ணில் ராடு இறங்காதவர்களுக்கு ஆழமில்லாமல் நாலு திசையிலும் புதைத்த கிடை வயர்கள் நன்றாகவே வேலை செய்யும். மின்னலின் வேகத்துக்கு ஒரு நீளமான வயரைவிடப் பல குட்டை வயர்கள் மேல்.

புதிதாக டவர் அடித்தளம் போடுகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வாய்ப்பு. 1940களில் அமெரிக்காவின் அரிசோனாவில், வறண்ட மண்ணில் இருந்த வெடிமருந்துக் கிடங்குகளுக்கு எர்த் செய்ய வேண்டியிருந்தபோது, ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்தினார். கான்கிரீட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வறண்ட மண்ணைவிட நன்றாகக் கடத்துகிறது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிக் கூட்டிலிருந்து ஒரு இணைப்பை வெளியே எடுத்து வைத்தால் போதும். ஊற்றிய பிறகு நினைத்துப் பயனில்லை. இதை மட்டும் நம்பாமல் வெளியே ராடுகளும் போடுங்கள்.

யாருக்கு எது

அடுக்குமாடியில் பால்கனி ஆன்டெனா வைத்து, மண்ணைத் தொட வழியே இல்லாதவருக்கு மூன்றாவது வழி கைக்கெட்டாது. அவர் முழுமையாகக் கழற்றட்டும். ரேடியோ மேசையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பலகை, ஒரே இடத்தில் இழுத்தால் எல்லாம் விடுபடும்படி. பெட்டிகளை ஒன்றோடொன்று குட்டை வயர்களால் கட்டிவைத்தால் பக்கத்தில் விழும் மின்னலின் தூண்டலுக்கு அதுவே பெரிய உதவி. உபகரணங்கள் சாவதில் பெரும்பங்கு இந்தத் தூண்டலால்தான், நேரடி அடியால் குறைவு.

மரத்துக்கு மரம் கட்டிய டைபோல் (இரு கைகளாக நீளும் வயர் ஆன்டெனா) உள்ளவர் ஒரு தகடு, ஒரு ராடு, மின் எர்த்தோடு ஒரு பிணைப்பு, 100 வாட்டுக்கேற்ற டியூப் என்று தொடங்கலாம். டைபோலில் வறண்ட காற்றும் மழைத்துளியும் சேர்க்கும் நிலைமின்னூட்டம் இறங்க, இரு கைகளையும் டிசி வழியில் எர்த்தோடு சேர்க்கும் பாலன் (balun, ஆன்டெனாவையும் கோஆக்ஸையும் பொருத்தும் சின்ன உறுப்பு) ஒன்று போட்டுவிடுங்கள். எர்த் செய்தால் மின்னலை அழைப்பதாகாதா என்று கேட்பார்கள். மின்னல் எங்கே விழும் என்பதை உயரமும் இடமும் தீர்மானிக்கின்றன. எர்த் இல்லாத ஆன்டெனாவிலும் அது விழும், விழுந்தபின் வழி தேடும்.

டவரும், மேலே ரிப்பீட்டரும் (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி), யாருமில்லாத அறையும் உள்ளவருக்குத் தேர்வே இல்லை. கழற்ற அங்கே ஆள் கிடையாது. மூன்றாவது வழி, முழுதாக, நெட்வொர்க்குக்கு ஃபைபர்.

போட்ட ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறை, மின்னல் காலம் தொடங்கும் முன், கையால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த கிளாம்பு, பச்சை பிடித்த முனை, தண்ணீர் புகுந்த கனெக்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கேஸ் டியூப் மட்டும் தெரியாது. நல்ல டியூபும் உள்ளே திறந்துபோன டியூபும் மல்டிமீட்டரில் ஒரே முடிவிலியைத்தான் காட்டும். பக்கத்தில் பலமாக ஒரு இடி விழுந்த பிறகு நான் சோதித்துக்கொண்டிருப்பதில்லை. அந்தச் சின்னப் பீங்கானைக் கழற்றிப் புதியது போட்டுவிடுகிறேன்.